பால் சாட்சி

ஹஜ்ஜா
அக்டோபர் 9

அன்புள்ள ஸபாஹ் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அஃப்னானுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? அவளுடைய இதயத்தைத் திறக்க டாக்டர் தேதி கொடுத்தாரா? இங்கே சித்தப்பாவுக்கும் எனக்கும் சுகக்குறைவு இல்லை. சித்தப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை தீரப்போகிறது.

இந்தக் கடிதத்தைச் சிறுநீரகச் சிகிச்சைக்காகக் கெய்ரோ வரும் புஷ்ரா டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். இனிமேல் போனில் "நலமா, சாப்பிட்டாயா" என்பதோடு நிறுத்திக்கொள். ஊரைப் பிடித்து வைத்திருக்கிற துப்பாக்கிக்காரர்கள் உதவி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்களின் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார்கள். மற்றதெல்லாம் இப்படி மருந்துப் பைக்குள் வரட்டும்.

புது உத்தரவு வந்திருக்கிறது. நிறுவனத்துப் பெண்கள் யாரும் மஹ்ரம் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். அப்பா, அண்ணன், சித்தப்பா, மகன் என்று மணமுறை இல்லாத ஓர் ஆண் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பெயர் அனுமதித் தாளில் இருக்க வேண்டும், தாளில் முத்திரை இருக்க வேண்டும். நம் தம்பி நாஜி எல்லை தாண்டி வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகக் குரல்கூடக் கேட்கவில்லை. வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே ஆண் சித்தப்பா. ஆக, எழுபத்து நான்கு வயதில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதல் நாளே வாயைக் காட்டிவிட்டார். ரபூஃ பள்ளத்தாக்குக்கு இறங்கும் சாவடியில் துப்பாக்கிக்காரன் ஒருவன், "பெரியவரே, இந்தப் பொண்ணு யாரு?" என்றான்.

"என் அண்ணன் மக. உன்னைவிட நல்லாப் படிச்சவ. கையில தாளை வச்சிருக்கியே, தலைகீழா இருக்கு, தெரியுமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, டிரைவர் ஜுப்ரான் இறங்கிப் போய்ச் சிரித்து மழுப்பி, மெல்லுவதற்கு ஒரு கைப்பிடி காத் இலையைக் கொடுத்துச் சமாளித்தார். அந்த மனிதர் வாயைத் திறப்பதே அதிசயம்.

ரபூஃவில் அறுபத்தொரு பிள்ளைகள். கை அளக்கும் நாடாவில் பாதிப் பேருக்குச் சிவப்பு, உயிருக்கே ஆபத்தான மெலிவு. வாராவாரம் கடலைப் பசைப் பொட்டலம் போனால்தான் அவர்கள் நிலைப்பார்கள். அதனால் சித்தப்பாவின் வாயைச் சகித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
தகிய்யா


கெய்ரோ
அக்டோபர் 27

என் கண்ணான தகிய்யாவுக்கு,

உன் மீதும் அல்லாஹ்வின் சாந்தி. அஃப்னான் படி ஏறினால் உதடு நீலமாகிறது, மற்றபடி வாய் ஓய்வதில்லை. ஜனவரியில் தேதி கொடுப்பதாகச் சொல்கிறார்கள். நான் நம் ஊர்க்காரர் ஒருவருடைய உணவுக் கடையில் ரொட்டி போடுகிறேன். கை சுடுகிறது, வாடகை கட்ட முடிகிறது.

சித்தப்பாவைச் சாவடியில் பேசவிடாதே. தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல். நீயும் எதிர்த்துப் பேசுகிற ஆள்தான், உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரபூஃ இறக்கத்தில் பாறை சரிந்த இடத்தைச் சரிசெய்துவிட்டார்களா? வண்டியின் பின் டயர் தேய்ந்திருந்ததே, மாற்றினார்களா? மழைக்குப் பிறகு அந்த வளைவில் நிதானமாக ஓட்டச் சொல். இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுங்கள்.

மாத்திரை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இடுப்பு வலிக் களிம்பு ஒன்று இருக்கும். டிரைவருக்குக் கொடுத்துவிடு. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு உதவும்.

உன்னை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும்
ஸபாஹ்


ஹஜ்ஜா
நவம்பர் 21

அன்புள்ள அக்கா,

ஸலாம். நீயும் அஃப்னானும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு துஆ இல்லை.

கடிதம் கிடைத்தது. என் உடம்பைப் பற்றி ஒரு வரி, டயரைப் பற்றி மூன்று வரி. நீ அக்காவா, மெக்கானிக்கா? டிரைவருக்குக் களிம்பு, கூடப் பிறந்தவளுக்கு ஒரு சாக்லேட்கூட இல்லை. கொடுத்தேன். "அல்லாஹ் அவங்களுக்கு நல்லதே செய்யட்டும்" என்றார். பெட்டியைத் திறக்காமலே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் நிலைமை சரியில்லை. எங்கள் பொறுப்பாளர் உஸ்தாத் ஷாயிஃப் தினமும் அனுமதி அலுவலகத்தில் போய் உட்காருகிறார். காலையில் ஒரு முத்திரை, மதியம் அது செல்லாது என்று இன்னொரு முத்திரை. இப்போது தாய்மார்களின் பட்டியலைக் கேட்கிறார்களாம், கணவன் பெயர், அவன் எங்கே இருக்கிறான் என்பதோடு. பாதிப் பேரின் கணவன்மார் எதிர்த்தரப்புக்குப் போனவர்கள், அதை எழுதினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அதனால் நான் நோட்டில் எண்ணும் கை அளவும் மட்டும் எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் தலைமை அலுவலகம், பெண்களுக்கு இப்படி நிபந்தனை போட்டால் வேலையை நிறுத்திவிடுவோம், அது எங்கள் கொள்கை என்று எழுதியிருக்கிறது. ஷாயிஃப் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒத்துக்கிட்டா இன்னிக்கு மஹ்ரம் கேப்பான், நாளைக்கு லிஸ்டு கேப்பான், அப்புறம் நம்மளையே கேப்பான். ஒத்துக்கலைன்னா அந்தப் புள்ளைங்க செத்துப்போவும். நான் எந்தப் பக்கம் கையெழுத்துப் போட?" ரபூஃவில் ஸுஊத் என்கிற தாயிடம் இதைச் சொன்னேன். இடுப்பில் பிள்ளையோடு என்னை முறைத்தாள். "உங்க கொள்கையத் தண்ணியில கரைச்சா இவன் குடிப்பானா?"

நாடாவை எடுத்து அவன் கையை அளந்தேன் அக்கா.

தகிய்யா


கெய்ரோ
டிசம்பர் 6

ஜுப்ரானுக்கு,

ஸலாம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தகிய்யாவின் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே தேடிப் படித்துக்கொள்கிறேன்.

இந்தச் சீட்டையும் களிம்புப் பெட்டிக்குள்தான் வைக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். போன சீட்டை நீங்கள் கிழிக்கவில்லை. நான் எழுதியதை வார்த்தை மாறாமல் பதிலில் திருப்பிச் சொல்லியிருந்தீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது.

அஃப்னானின் சிகிச்சை முடியும்வரை தகிய்யாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. அவளிடம் சொன்னால் ஊருக்கே மைக்கில் சொன்ன மாதிரி. அஃப்னானின் தாத்தா காதில் நான் மறுமணம் செய்யப்போகிறேன் என்று விழுந்தால், பிள்ளையை உடனே திருப்பி அனுப்பு என்பார். அவருடைய மகன் பிள்ளை, அவருக்குத்தான் உரிமை. சிகிச்சை முடியாமல் அந்தப் பிள்ளை திரும்பினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

அதனால் நோன்புப் பெருநாள் கழியட்டும். சித்தப்பாவிடம் பேசுங்கள், அவர் உங்களை ஏற்கெனவே மகன் என்றுதான் கூப்பிடுகிறார். முப்பத்தேழு வயதில் எனக்கு இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

எங்களை ஏடனுக்கு ஓட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்தப் பதினான்கு மணி நேரத்தை அடிக்கடி நினைக்கிறேன். முன் இருக்கையில் என் மாமனார். நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பிள்ளைக்கு மூச்சு இரைத்தபோதெல்லாம் நான் கேட்காமலே வண்டியை நிறுத்தினீர்கள். வேறென்ன வேண்டும்?

பத்திரமாக இருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸபாஹ்


ஹஜ்ஜா
டிசம்பர் 30

அக்கா,

ஸலாம். அஃப்னானுக்கு முத்தம். அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

போன வாரம் சித்தப்பா கூடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பயப்படாதே, படுக்கையிலிருந்தபடி எல்லோரையும் திட்டுகிறார். ஆனால் மறுநாளே ரபூஃ போகும் நாள். அனுமதித் தாளில் ஹமூத் என்று அவர் பெயர் இருந்தது, முத்திரையும் இருந்தது. இரண்டு வாரமாகப் பாதை அடைத்திருந்ததால் பிள்ளைகளிடம் ஒரு பொட்டலம்கூட மிச்சமில்லை. "ஆளை யாரு எண்ணிப் பாக்குறான், முத்திரையைத்தான் பாக்குறான், போலாம்" என்று நான்தான் சொன்னேன். ஜுப்ரான் வேண்டாம் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். எல்லாம் என்னால் வந்தது.

சாவடியில் அன்றைக்கென்று மேற்பார்வையாளனே நின்றிருந்தான். தாளை நிதானமாகப் படித்தான்.

"ஹமூத் எங்க?"

"உடம்புக்கு முடியல."

"அப்போ இவன் உனக்கு யாரு?"

அக்கா, அந்நிய ஆணோடு தனியாக வந்தேன் என்று ஆகிவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன நடக்கும் என்று எழுதமாட்டேன். பின்னால் ஓட்டமும் நடையுமாக இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். என் வாயிலிருந்து தானாக வந்தது.

"என் பால் அண்ணன்."

"யாரு பாலு?"

"எங்க உம்மா பாலு. எங்க அக்கா ஸபாஹ் கைக்குழந்தையா இருந்தப்போ இவருக்கும் சேத்துக் குடுத்தாங்க. இவரோட உம்மா பிரசவக் காய்ச்சல்ல கெடந்தாங்க."

பொய் இவ்வளவு கோர்வையாக வரும் என்று எனக்கே தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வயது, அடுத்தடுத்த வீடு. அதனால் உன் பெயர் வாயில் வந்தது. ஒரு தாயின் பாலைக் குடித்தவன் அவளுடைய பிள்ளைகளுக்கெல்லாம் கூடப்பிறந்தவன் ஆகிவிடுகிறானே, அவனைவிட நல்ல மஹ்ரம் யார்?

எழுதி வாங்கிக்கொண்டார்கள். என் கட்டைவிரல் ரேகையும் வைத்தார்கள். ஜுப்ரானைத் தனியாகக் கேட்டார்கள், அவரும் ஆமாம் என்றார். என்னை விட்டுவிட்டார்கள். அவரையும் வண்டியையும் வைத்துக்கொண்டார்கள். பொட்டலங்கள் வண்டியோடு வெயிலில் நிற்கின்றன.

நம் உம்மாவும் இல்லை, அவருடைய உம்மாவும் இல்லை. அதனால் கூடப் பால் குடித்தவளின் சாட்சி வேண்டுமாம். உம்மா உயிரோடு இருந்தபோது உன்னிடம் இதைச் சொன்னதாக நீ உன் கையால் எழுதி, ரேகை வைத்து, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் செய்து அனுப்ப வேண்டும். ரமலான் பிறைக்குள் வராவிட்டால் அவரைத் தலைநகருக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே அனுப்பப்பட்ட யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மூன்று நாளைக்கு முன் உஸ்தாத் ஷாயிஃபை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிப்போய்விட்டார்கள். காலில் செருப்புப் போடக்கூட விடவில்லை.

ஒரு பக்கம் எழுது அக்கா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

தகிய்யா


ஹஜ்ஜா
ஜனவரி 16

அக்கா,

ஸலாம். நலம் விசாரிக்கக்கூட மனசில்லை. என் கடிதம் கிடைக்கவில்லையா? புஷ்ரா டீச்சரின் மகன் உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறான். "படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க, ரொட்டி அடுப்புல கருகிப்போச்சு" என்கிறான். பிறகு ஏன் அவனிடம் பதில் கொடுத்தனுப்பவில்லை?

பொய்ச் சாட்சி பாவம் என்று யோசிக்கிறாயா? பாவத்தை என் தலையில் எழுதிக்கொள்கிறேன். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் போய் உட்காருகிறேன். ஏன் அணைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே போகும் துணிக்குள்தான் தூங்குகிறேன், கூட்டிப்போக வந்தால் மாற்ற நேரம் கொடுப்பார்களோ மாட்டார்களோ.

ரபூஃவிலிருந்து ஆள் வந்தது. ஸுஊதின் பையன் போய்விட்டான்.

எழுது. காலில் விழுகிறேன்.

தகிய்யா


கெய்ரோ
ஜனவரி 20

தகிய்யாவுக்கு,

ஸலாம். அஃப்னானுக்கு 12ஆம் தேதி சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டாள், அல்ஹம்துலில்லாஹ். நெஞ்சில் நீளமாகத் தையல் போட்டிருக்கிறார்கள். உன் கடிதம் வந்தது அதற்கு மூன்று நாள் முன்புதான். பதில் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீ பயப்படுவது எனக்குத் தெரிகிறது. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், யோசித்துப் பார்த்துப் பதில் சொல். அந்த வாக்குமூலத்தை மாற்ற முடியுமா? நம் உம்மா அவருக்குக் கொடுத்ததாக இல்லாமல், அவருடைய உம்மா உனக்குக் கொடுத்ததாகச் சொன்னால் என்ன? அவருடைய தங்கை ஜமீலா நீ பிறந்த அதே மாதம்தானே பிறந்தாள். குடித்தவள் நீ என்றால் நீ மட்டும்தான் அவருக்குத் தங்கை ஆவாய். உனக்கு அவர் மஹ்ரம்தான், உன் வேலை நடக்கும். மற்றவர்களுக்கு அது ஒட்டாது. நாஜியையும் என்னையும் எதற்கு இதில் இழுப்பது என்றுதான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

இன்னொன்று. வண்டியைச் சோதித்தார்களா? அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார்களா? டிசம்பரில் அனுப்பிய களிம்புப் பெட்டி எங்கே இருக்கிறது?

உடனே எழுது.

ஸபாஹ்


ஹஜ்ஜா
பிப்ரவரி 6

அக்கா,

ஸலாம். அஃப்னான் பிழைத்தாள் என்று படித்து, வாய்விட்டு அழுதேன். சித்தப்பா படுத்தபடியே தலை தாழ்த்தி ஸஜ்தா செய்தார்.

மற்றதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதர் உள்ளே கிடக்கிறார். நீ களிம்பைக் கேட்கிறாய்! வண்டியை இருக்கை வரைக்கும் கிழித்துப் பார்த்தார்கள். சட்டைப்பையையும் பார்த்தார்கள். பெட்டியில் களிம்புதான் இருந்தது, வேறென்ன இருக்கும்? போதுமா?

வாக்குமூலத்தை மாற்ற முடியாது. நான் சொன்னது நான்கு பேர் முன்னால் எழுதப்பட்டு, நானும் அவரும் ரேகை வைத்தாயிற்று. இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். நீ சொன்ன மாதிரி அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். ஜமீலாவின் நினைவே வரவில்லை. துப்பாக்கி முனையில் யாருக்கு எந்தப் பால் என்று கணக்குப் பார்க்க வருமா? நாஜிக்கும் உனக்கும் ஓர் அண்ணன் கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று அவர் நடந்துகொண்டது எனக்குப் புரியவே இல்லை. "அவ சொல்றது நெசமா?" என்று மேற்பார்வையாளன் கேட்கிறான். இவர் சாவகாசமாகச் சட்டைப்பையில் கைவிடுகிறார், காத் இலைப் பைக்குள் கைவிடுகிறார், வாயில் திணித்துத் திணித்து மெல்லுகிறார். கன்னம் ஒரு பக்கம் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. நான் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "செவிடா நீ?" என்று ஓர் அறை விட்டான். அப்போதும் மென்றுகொண்டேதான் இருந்தார். விழுங்கிய பிறகுதான் "ஆமா, ஸபாஹ் என் தங்கச்சி" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை, உன் பெயரைச் சொன்னார். கண்ணெல்லாம் தண்ணீர். அறையில் வந்ததாக இருக்கும்.

ஒரு "ஆமா" சொல்ல அவ்வளவு நேரமா அக்கா?

பிறைக்கு இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. கடிதம் வந்து சேரவே இரண்டு வாரம் ஆகிறது. அவரை நாலு பேரோடு ஒரு கிடங்கில் வைத்திருக்கிறார்களாம். நேற்று ஒருவரைத் தலைநகர் வண்டியில் ஏற்றினார்களாம்.

தகிய்யா


கெய்ரோ
பிப்ரவரி 19

தகிய்யாவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். அஃப்னான் இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் இரண்டு மாடி ஏறினாள். உதடு சிவப்பாகவே இருந்தது.

நீ கேட்டது கீழே இருக்கிறது. இதைத் தனியாகக் கிழித்துக் கொடு. இதன் பிறகு இதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

"அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரால். காலஞ்சென்ற முஹ்ஸினின் மகள் ஸபாஹ் ஆகிய நான், சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் சாட்சி சொல்கிறேன். என் தாய் தன் கடைசி நோயில், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டபோது, என்னிடம் சொன்னது: பக்கத்து வீட்டு ஜுப்ரான் பிறந்தபோது அவனுடைய தாய் நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்தாள். பத்து நாள் கழித்து நீ பிறந்ததும் நான்தான் அவனுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தேன். அவள் எழுந்த பிறகும் அவன் அழுதால் ஒரு பக்கம் உன்னையும் ஒரு பக்கம் அவனையும் போட்டுக் கொடுப்பேன். அவன் உனக்கு அண்ணன், மறந்துவிடாதே. இதை நான் மறக்கவில்லை. ஜுப்ரான் எனக்கும் என் உடன்பிறந்தவர்களுக்கும் பால் சகோதரர். அவருக்கும் எனக்கும் இம்மையில் அந்த உறவைத் தவிர வேறு உறவு ஆகாது."

கடைசி வரியை நீ கேட்கவில்லை. அதையும் போட்டால்தான் நம்புவார்கள் என்று எழுதினேன்.

முத்திரை மை கையிலிருந்து போகமாட்டேன் என்கிறது. மாவு பிசைகிறேன், ரொட்டியில் நீலமாக ஒட்டுகிறது.

ஸபாஹ்


ஹஜ்ஜா
மார்ச் 18

என் உயிரான அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் அஃப்னானுக்கும் இந்த ரமலான் பரக்கத்தாக அமையட்டும்.

அவரை விட்டுவிட்டார்கள்! பிறைக்கு ஆறு நாள் இருக்கும்போது உன் தாள் வந்து சேர்ந்தது. மேற்பார்வையாளன் இரண்டு முறை படித்தான். கடைசி வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இது நெசம். பொய் சொல்றவ இதை எழுதமாட்டா" என்றான். உன் மூளையே மூளை.

ஜுப்ரான் பாதியாக வந்தார். தாடி நரைத்துவிட்டது. அவரிடமும் தாளைப் படித்துக் காட்டினார்களாம். மனசு இளகிவிட்டது போலிருக்கிறது, வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டிருந்தார். சித்தப்பா உள்ளேயிருந்து, "நம்ம வீட்டுப் பால் குடிச்சவனாமே, எனக்கே தெரியாமப் போச்சே, உள்ள வாடா மவனே!" என்று கத்தினார். அவருக்கு நிஜத்தைச் சொல்லப்போவதில்லை. தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இனி யாராலும் இதைத் திருப்ப முடியாது. அந்த வரையில் நமக்குப் பாதுகாப்பு.

அனுமதித் தாளில் இப்போது மஹ்ரம் என்ற இடத்தில் அவர் பெயர். மூன்று மாதத்துக்கு முத்திரை. தாய்மார்களின் பட்டியலைக் கேட்பதை அவர்கள் விடவில்லை. நான் இன்னும் கொடுக்கவில்லை. உஸ்தாத் ஷாயிஃபைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் மனைவி தினமும் அலுவலக வாசலில் செருப்போடு வந்து நிற்கிறாள். பயம் போகவில்லை அக்கா, ஆனால் வேலை நடக்கிறது. ரபூஃவுக்கு இரண்டு முறை போய்வந்தோம். அறுபத்தொன்றில் ஐம்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள். ஸுஊத் என்னோடு பேசுவதில்லை, ஆனால் அடுத்தவள் பிள்ளையைத் தூக்கி வந்து தராசில் வைக்கிறாள்.

ஒரு யோசனை. இப்போது ஜுப்ரான் நம் அண்ணன் ஆகிவிட்டார், நல்லது கெட்டதைப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. மனைவி போய் ஆறு வருஷமாகத் தனியாகக் கிடக்கிறார். உன் ரொட்டிக் கடைப் பக்கம் நம் ஊர் விதவைகள் யாராவது நல்ல குணமாக இருந்தால் பார்த்து வை. உன்னை மாதிரி அமைந்தால் நல்லது. பெருநாள் கழிந்ததும் பேசி முடித்துவிடலாம். தங்கைகள் நாம் செய்யாமல் யார் செய்வது?

உன் தகிய்யா


கெய்ரோ
ஏப்ரல் 3

தகிய்யாவுக்கு,

ஸலாம். நோன்பு எல்லாம் பிடிக்கிறோம். அஃப்னான் பாதி நாள் பிடிக்கிறாள்.

பெண் பார்க்கச் சொன்னாய். பார்க்கிறேன்.

மருத்துவர் மே மாதம் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஏடனிலிருந்து ஹஜ்ஜாவரை யாரோடு வருவது என்றுதான் தெரியவில்லை. அஃப்னானின் தாத்தாவால் இப்போது வர முடியாதாம். வழியில் எத்தனை சாவடி என்று எண்ணிப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸபாஹ்


ஹஜ்ஜா
ஏப்ரல் 24

என் சகோதரி ஸபாஹுக்கு, அண்ணன் ஜுப்ரான் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளையும் சுகம் என்று தகிய்யா படித்துக் காட்டினாள். நான் சுகம். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. களிம்புக்கு நன்றி.

களிம்புப் பெட்டியைப் பற்றி நீ கேட்டதாகச் சொன்னாள். அதோடு வந்த சீட்டு யார் கையிலும் சிக்கவில்லை. கிழித்துப் போடச் சொல்லியிருந்தாய், நான் கேட்கவில்லை, சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். என் தவறு. அன்று சாவடியில் காத் இலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டேன். தாள் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அதனால்தான் பதில் சொல்லத் தாமதமாயிற்று. முழுவதும் உள்ளே போன பிறகுதான் ஆமாம் என்றேன். போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாமல் இருந்திருப்பேன்.

உன் சாட்சித் தாளையும் படித்துக் காட்டினார்கள். நன்றாக எழுதியிருந்தாய். நீ எழுதியது சரி. வேறு விதமாக எழுதியிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன். தகிய்யாவை எதற்கும் நோகாதே. அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்குப் பெண் பார்க்கிற வேலையை மட்டும் அவளை விடச் சொல்.

மே மாதம் நீங்கள் இறங்கும்போது நான் ஏடன் விமான நிலையத்தில் இருப்பேன். டயர் நான்கையும் மாற்றிவிட்டேன். அனுமதித் தாள் வாங்கியாயிற்று, உன் பெயர், பிள்ளையின் பெயர், மஹ்ரம் என்ற இடத்தில் என் பெயர். பதினான்கு மணி நேர வழி. பயப்படாதே. எந்தச் சாவடியிலும் நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. இந்தத் தடவை உனக்காக முன் இருக்கையில் யாரும் வந்து உட்கார வேண்டியதில்லை. வழி நெடுக நாம் பேசிக்கொண்டே வரலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பிள்ளைக்கு இனி மூச்சு வாங்காது என்கிறார்கள். இருந்தாலும் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுவேன்.

உன் அண்ணன்,
ஜுப்ரான்